மாடல் ரயில் பாதைக்கு ஜல்லி போடுவது: சலிப்பதிலிருந்து சாயம் வரை

ஜல்லி போடும் முன்னால் ஒரு நாள் காலையில் திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்குப் போய் வாருங்கள். பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்து போய், ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று, தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் கல்லைப் பத்து நிமிடம் பாருங்கள். கீழே இறங்க வேண்டாம். தண்டவாளத்தில் நடப்பது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டால் போதும். வீட்டில் வேலை செய்யும்போது அந்தப் படங்கள்தான் உங்களுக்கு வாத்தியார்.

நின்று பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். ஒன்று, எல்லாக் கல்லும் ஒரே அளவில் இல்லை. பெரியது சின்ன சாத்துக்குடி அளவு, சிறியது அரைநெல்லிக்காய் அளவு. நம் ரயில்வேயின் கணக்கில் 65 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை. இரண்டு, ஒரு கல்லாவது உருண்டையாக இருக்காது. கிரஷரில் உடைத்த கல், எல்லாப் பக்கமும் முனை. அந்த முனைகள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்வதால்தான் மேலே வண்டி ஓடினாலும் கட்டை (தண்டவாளத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர்) நகராமல் நிற்கிறது, மழைத் தண்ணீரும் இடுக்கு வழியாக இறங்கிவிடுகிறது. மூன்று, கல்லின் நிறம் சாம்பல் இல்லை. மேலே பழுப்பு படிந்திருக்கும். பிரேக் கட்டை தேய்ந்து விழும் இரும்புத் தூளும் தண்டவாளத் துருவும் வருடக்கணக்காகப் படிந்த நிறம் அது.

இந்த மூன்றையும் சின்ன அளவில் கொண்டுவருவதுதான் நம் வேலை.

முதலில் அளவு. நம் ஊரில் பெரும்பாலோர் ஹெச்ஓ (HO) ஸ்கேல் மாடல் வைத்திருக்கிறார்கள், அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. 65-ஐ 87-ஆல் வகுத்தால் 0.75 மி.மீ., 20-ஐ வகுத்தால் 0.23 மி.மீ. ஆக, முக்கால் மில்லிமீட்டருக்கும் கால் மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகள்தான் வேண்டும். ரவைக்குப் பக்கத்து அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'N' ஸ்கேல் என்றால் 160-ல் ஒரு பங்கு. அங்கே பெரிய கல்லே 0.4 மி.மீ.தான், அரிசி மாவைவிடக் கொஞ்சம் பெரிது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழைகளில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது, பெரிய துகளைப் போட்டுவிடுவது. எஞ்சினும் பெட்டியும் எவ்வளவு அருமையாக இருந்தாலும், பக்கத்தில் மிளகு அளவுக் கல் கிடந்தால் கண் அதை ஒப்பிட்டுவிடும். பெரிய பாறைகளுக்கு நடுவே ரயில் போவதுபோல ஆகிவிடும். சந்தேகம் வந்தால் எப்போதும் சிறிய துகளின் பக்கம் போங்கள்.

அடுத்தது எந்தக் கல். என் முதல் பாதைக்கு, வீடு கட்டியபோது மீந்த வைகை மணலைச் சலித்துப் போட்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஒட்டிக் காய்ந்த பிறகு லைட் போட்டுப் பார்த்தால் பாதை முழுக்க மினுமினுப்பு. ஆற்று மணலில் அப்பிரகம் கலந்திருக்கும். அது விளக்கு வெளிச்சத்தில் கண்ணடிக்கும். மணலும் தண்ணீரில் உருண்டு வந்தது என்பதால் முனை மழுங்கி, வழவழவென்று இருந்தது. ஆற்றங்கரையில் தண்டவாளம் போட்ட மாதிரி தெரிந்ததே தவிர, ஜல்லிப் பாதையாகத் தெரியவில்லை. மூன்று மீட்டரையும் ஊறவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கல்லை உடைத்துச் செய்த மணல்தான் சரி. எம்-சாண்ட் இப்போது எந்தக் கட்டட வேலை நடக்கும் தெருவிலும் குவிந்து கிடக்கிறது. அதிலும் பூச்சு வேலைக்கான பி-சாண்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. நமக்கு வேண்டிய பொடித் துகள் அதில் அதிகம் தேறும். கடையில் மூட்டை வாங்க அவசியமில்லை. வீட்டுக்காரரிடமும் கொத்தனாரிடமும் சொல்லிவிட்டு ஒரு சாந்துச் சட்டி கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நான் கேட்டபோது கொத்தனார், "இத வச்சு என்னண்ணே கட்டப் போறீங்க?" என்றார். ரயில் பாதை என்றதும், அவரே ஈரமில்லாத இடமாகப் பார்த்து அள்ளித் தந்தார். ஒரு மீட்டர் பாதைக்கு, அடியில் கார்க் போட்டிருந்தால், ஒரு டீ கிளாஸ் நிறையச் சலித்த துகள் போதும். ஒரு சட்டியில் வருஷம் ஓடும்.

வெளிநாட்டுப் பாக்கெட் ஜல்லியும் கிடைக்கிறது. சில வகை வால்நட் ஓட்டை உடைத்துச் செய்தது. நிறம் நன்றாக இருக்கும், ஆனால் எடை இல்லை. பசைத் தண்ணீர் பட்டதும் மிதந்து இடம் மாறும். கல் கனமாக இருப்பதால் போட்ட இடத்தில் உட்காரும். பழகும்போது அது பெரிய உதவி.

கழுவுதல், சலித்தல், காந்தம்

எம்-சாண்டில் மாவுபோல ஒரு தூசி இருக்கும். வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மேலே நிற்கும் பால்போன்ற தண்ணீரை வடித்துவிடுங்கள். அரிசி களைவது போலத்தான். நாலைந்து தடவையில் தண்ணீர் தெளிந்துவிடும். வடித்த தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள், குழாயில் தங்கி இறுகும், செடிக்குப் போகட்டும். பிறகு மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயப் போடுங்கள். மதுரை வெயிலுக்கு அரை நாள் போதும். கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிர வேண்டும்; கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு சல்லடை தேவை. பெரிய துகளை நிறுத்த ஒரு ஸ்டீல் டீ வடிகட்டி, தூளைக் கீழே தள்ள ஒரு மைதா சல்லடை. வெண்கலக்கடைத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் எல்லா வகையும் பார்த்துவிடலாம். வாங்கும்போது ஆறங்குல ஸ்கேலைக் கொண்டுபோங்கள். வடிகட்டி வலையில் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை கண் என்று எண்ணுங்கள். 10 கண் இருந்தால், கம்பியின் தடிப்புப் போக ஓட்டை முக்கால் மில்லிமீட்டர் அளவில் வரும். அது பெரியதற்குச் சரி. 25 கண்ணுக்குக் கிட்டே இருந்தால் பொடிக்குச் சரி. வெறுங்கண்ணில் எண்ண முடியாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை வைத்துக்கொள்ளுங்கள். அதை மைதா சல்லடையில் சலித்து, மேலே நின்றதை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஜல்லி. கீழே விழுந்த பொடியையும் எறிய வேண்டாம்; யார்டு பாதைக்கும் லெவல் கிராஸிங் ரோட்டுக்கும் ஆகும். சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம் போடுங்கள். கல் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

சின்ன வயதில் வைகை மணலில் காந்தத்தை உருட்டி இரும்புத் தூள் எடுத்து விளையாடியவர்களுக்கு அடுத்தது சொல்லாமலே தெரியும். சலித்த துகளை ஒரு தட்டில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே மெதுவாக இழுங்கள். கறுப்பு மயிர்போல ஒட்டிக்கொண்டு வரும். கவரை உருவினால் தூள் கீழே விழுந்துவிடும். எதுவும் ஒட்டாத வரை திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரிலும் காந்தம் இருக்கிறது. பாதையில் இரும்புத் துகள் கிடந்தால் அது இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், மோட்டார் கெடும். இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

பாதையைத் தயார் செய்தல்

ஜல்லி ஒட்டிய பிறகு தண்டவாளத்தை அசைப்பது கடினம். அதனால் முதலில் ஒரு வாரமாவது வண்டி ஓட்டிப் பாருங்கள். தடம் புரளும் இடம், கரண்ட் வராத இடம், வளைவில் முட்டும் இடம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுங்கள்.

பாதைக்கு அடியில் 3 மி.மீ. கார்க் ஷீட் இருப்பது நல்லது. நிஜத்தில் கட்டைக்கு அடியில் ஜல்லி 300 மி.மீ. ஆழம், நம் அளவில் அது மூன்றரை மி.மீ. வரும். கார்க் அந்த உயரத்தைக் கொடுத்துவிடும், ஜல்லியும் மிச்சமாகும். கார்க்கின் இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவிவிடுங்கள்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப் பழுப்பு அடிப்பது இப்போதுதான். ஜல்லிக்குப் பிறகு அடித்தால் கல்லிலும் படும். ஹெச்ஓ பாதையில் கட்டைகள் பெரும்பாலும் மரப் பழுப்பு நிறத்தில்தான் வரும். இன்றைய மதுரைப் பாதை வேண்டுமென்றால் வெளிர் சாம்பலில் காங்கிரீட் நிறம் கொடுங்கள். சாயம் காய்ந்ததும் தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துணியால் துடைத்து, ஓட்டிப் பாருங்கள். பிறகு கரண்டைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு மேல் சொல்வதை முதல் தடவை உங்கள் பாதையில் செய்ய வேண்டாம். ஒரு பலகைத் துண்டில் ஓர் அடி பழைய தண்டவாளத்தை ஒட்டி, அதில் செய்து பழகுங்கள்.

உலர்வாகப் பரப்புதல்

வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். பசை எடுக்கும் முன்னால், காய்ந்த ஜல்லி ஒவ்வொரு துகளும் தன் இடத்தில் இருக்க வேண்டும். பசை போட்ட பிறகு எதையும் திருத்த முடியாது.

ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலையும் சாத்துங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை நடுவில் மடித்தால் நல்ல சரிவுத் தட்டு கிடைக்கும். அதில் ஒரு ஸ்பூன் ஜல்லியை வைத்து, விரலால் தட்டித் தட்டி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே கோடாக விழ விடுங்கள். குறைவாகப் போடுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு தடவை போடலாம். அதிகமானதை அள்ளுவதுதான் கஷ்டம். அரை அங்குல அகலத் தட்டைத் தூரிகை, மென்மையான முடி உள்ளது, எடுத்துக்கொண்டு கட்டைகளின் மேல் தட்டையாகப் படுக்கவைத்து நகர்த்துங்கள். துகள் தானாகக் கட்டை இடுக்குக்குள் இறங்கும். தூரிகையைக் குத்தாக நிறுத்தித் தள்ளினால் இடுக்கிலிருந்து வாரிக்கொண்டு வந்துவிடும், கவனம்.

எங்கள் தெருவில் ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் வேலை பார்த்து ரிட்டயரான மாமா ஒருவர் இருக்கிறார். என் பாதையைப் பார்க்க வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, ஜல்லி கட்டை மேல ஏறி உக்காந்திருக்கே. இன்ஸ்பெக்டர் பாத்தா விடுவாரா? கட்டையோட தலையும் ஜல்லியும் ஒரே மட்டமா இருக்கணும்யா" என்றார். அதற்கு முன்னால் நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. மறுநாள் ஸ்டேஷனில் போய் நின்றபோதுதான் தெரிந்தது: கல் நிறைந்து, கட்டையின் மேல்முகம் மட்டும் வரிசையாகச் சுத்தமாகத் தெரிகிறது. அந்த வரிசைதான் பாதைக்கு முகத்தைக் கொடுக்கிறது.

அதைக் கொண்டுவர ஒரு வழி. தூரிகை வேலை முடிந்ததும், தூரிகையின் காம்பால் தண்டவாளத்தின் தலையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கட்டை மேல் நிற்கும் துகள் அதிர்ந்து குதித்து இடுக்கில் விழும். ஓரத்தில் கிளிப் பக்கத்தில் ஒளிந்திருப்பதை நுனிமெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். தண்டவாளத்தின் உள்பக்க இடுப்பில் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாது. சக்கரத்தின் விளிம்பு போகும் வழி அது. போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் ஒளிந்த துகளின் நிழல் நீளமாகக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு வெளிப்புறம். கட்டையின் முனையைத் தாண்டி நிஜத்தில் நேர்ப்பாதையில் 350 மி.மீ. அகலத்துக்கு ஜல்லி சமமாக இருக்கும், அதன்பின் சரிவு. நம் அளவில் 4 மி.மீ. சமம், பிறகு ஒன்று இறங்கினால் ஒன்றரை விலகும் சரிவு. செல்லாத ஏடிஎம் கார்டை இந்த வடிவத்துக்கு வெட்டிக்கொண்டால், பாதையோரம் இழுத்துக்கொண்டே போகலாம். தோள், அதாவது கட்டைக்கு வெளியே இருக்கும் இந்த ஜல்லி ஓரம், ஒரே மாதிரி வரும். வளைவில் வெளிப்பக்கத் தோளை இன்னும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கூட்டுங்கள். நிஜத்திலும் அங்கே அகலம் அதிகம். இன்னொன்று: நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ., 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல். ஹெச்ஓ தண்டவாளத்திலோ அது 16.5 மி.மீ.தான். அந்தக் குறுகல் கண்ணில் படாமல் இருக்க நான் தோளை எப்போதும் ஒரு நூல் தாராளமாகவே விடுகிறேன்.

ஓர் அடிக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

பாயின்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு, இருக்கும் இடத்தில் தனி ஜாக்கிரதை. நகரும் நாக்குகளுக்கும் அவற்றை இணைக்கும் கட்டைக்கும் அடியில் ஜல்லி போடவே வேண்டாம். அங்கே முன்கூட்டியே கறுஞ்சாம்பல் சாயம் அடித்துவிட்டால் வெறுமை தெரியாது. நகரும் பாகங்களில் ஈர்க்குச்சி நுனியால் ஒரு பொட்டு வாசலின் தடவுங்கள், பசை பட்டாலும் பிடிக்காது. பாயின்ட் மட்டும் கடைசியில், தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

ஈரமும் பசையும்

காய்ந்த ஜல்லியில் பசைத் தண்ணீரை நேராக விட்டால், அது உள்ளே இறங்காமல் முத்துப்போல உருண்டு, துகளை வாரிக்கொண்டு குழி பறிக்கும். முதலில் ஈரமாக்க வேண்டும். தண்ணீரும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து, நுண்ணிய பனிபோல வரும் ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். செல்போன் பழுதுபார்க்கும் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். ஒன்றரை அடி உயரத்திலிருந்து, பாதைக்கு மேலே காற்றில் அடித்து, தானாக இறங்க விடுங்கள். நேராக அடித்தால் ஜல்லி பறக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு கோடை முழுக்க ஏமாந்தேன். ஒட்டிக் காய்ந்த ஜல்லியில் இரண்டே நாளில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளை. பசையைச் சந்தேகப்பட்டேன், கல்லைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர். குடத்தில் உப்புப் படிகிறதே, அதே உப்புத்தான் ஜல்லியிலும் படிந்திருக்கிறது. இப்போது கேன் தண்ணீர் மட்டும்தான். உங்கள் வீட்டு வாளியின் உட்புறத்தில் வெள்ளை வளையம் இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பசைக்கு ஃபெவிகால் ஒரு பங்கு, கேன் தண்ணீர் இரண்டு பங்கு. பாத்திரம் துலக்கும் லிக்விட் மூன்று சொட்டு. நன்றாகக் கலக்கி, கட்டியிருந்தால் துணியில் வடிகட்டுங்கள். மெடிக்கலில் 5 மில்லி சிரிஞ்சு, ஊசி இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் மூக்கை ஜல்லிக்குக் கிட்டே, தொடாமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, ஒரு சொட்டு விடுங்கள். ஜல்லி ஈரமாக இருந்தால் சொட்டு அங்கேயே உட்காராது. கண் முன்னாலேயே பால்நிறம் இரண்டு பக்கமும் ஊர்ந்து, தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து, தோள் வரை போகும். அது ஊரவில்லை என்றால் உடனே நிறுத்தி இன்னும் ஈரம் அடியுங்கள். நடுவில் முடித்துவிட்டு வெளிச்சரிவுக்குப் போங்கள். பாதை முழுக்கப் பால்நிறம் நிறைந்து நிற்க வேண்டும். மேலோட்டமாக விட்டால் மேல் ஓடு மட்டும் இறுகி, அடியில் உதிரியாக நிற்கும்.

தண்டவாளத்தின் தலையில் பட்ட பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். பாயின்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருங்கள். மற்ற இடத்தை ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்தில் மேலே காய்ந்துவிடும், உள்ளே இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்.

காய்ந்த பிறகு வாக்குவம் கிளீனரின் வாயில் பழைய சாக்ஸைக் கட்டி ஓட்டுங்கள். ஒட்டாத துகள் சாக்ஸில் சேரும், மறுபடி பயன்படும். தண்டவாளத்தின் மேல்முகத்தை ஐபிஏ நனைத்த துணியால் துடையுங்கள். எஞ்சின் வைக்கும் முன்னால் ஒரு சரக்கு வேகனைக் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே விரலில் தட்டுகிறதோ அங்கே ஒரு துகள் இருக்கிறது. பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

நிறம்

எந்தப் பாதையைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் வண்டி ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் அந்தப் பாதையைப் பார்த்தால் ஜல்லி இன்னும் இளசாக, நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். அதைச் செய்கிறவர்கள் எம்-சாண்டின் சொந்த நிறத்தையே விட்டுவிடலாம். கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் வழியாகத் திண்டுக்கல் போகும் மெயின் லைன் அப்படியில்லை. வண்டி ஓடி ஓடிப் பழுத்த பாதை. அதற்குப் பழுப்பு வேண்டும்.

அக்ரிலிக் சாயம்தான் எடுக்க வேண்டும்; போஸ்டர் கலர் மறுபடி ஈரம் பட்டால் கரையும். துருப் பழுப்பில் துளி கறுப்பு சேர்த்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குத் தடவுங்கள். தோளின் ஓரம் சாம்பலாகவே இருக்கட்டும். ஒரே தடவையில் கருக்கிவிடாமல், காய்ந்த பிறகு பார்த்து இன்னொரு பூச்சு கொடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும். சிக்னல் முன்னால் எஞ்சின் நிற்கும் இடத்தில் நடுவே மட்டும் எண்ணெய்க் கறுப்பு. பெரிய ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தை ஒட்டிய பாதை சிலவற்றில் ஜல்லியே இல்லாமல் காங்கிரீட் தளம் இருக்கும். அப்படிச் செய்கிறவர்களுக்கு அந்த இடத்தில் இவ்வளவு வேலையும் மிச்சம்.

ஜல்லிச் சரிவு முடியும் இடத்தில் பலகையோ தெர்மாகோலோ தெரியக் கூடாது, மண் வர வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்துக்குச் செம்மண், திருமங்கலம் தாண்டித் தெற்கே என்றால் கரிசல். அந்தந்த ஊர் மண்ணையே ஒரு கைப்பிடி எடுத்துவந்து காயவைத்து, மைதா சல்லடையில் சலித்து, இதே பசையில் ஒட்டலாம். மண்ணிலும் காந்தத்தை ஓட்டிவிடுங்கள்.

மீந்த ஜல்லியை மூடி உள்ள பாட்டிலில் போட்டு, எந்தப் பாதைக்கு, எந்தத் தேதியில் சலித்தது என்று ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு குவாரிக் கல்லுக்கும் நிறம் கொஞ்சம் மாறும். ஆறு மாதம் கழித்து ஓரிடம் உதிர்ந்தால், அந்த பாட்டிலில் இருப்பது மட்டும்தான் பொருந்தும்.